எத்தனால் பெருமான் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! கரும்புத் தோட்டம் கைக்கொண்டருளி, மக்காச்சோளக் காடு திறைகொண்டருளி, அரிசிக் கிடங்கின் கதவு திறப்பித்தருளி, பாரத தேசத்துப் பெட்ரோல் பங்குகள் தோறும் நூற்றுக்கு இருபது பங்கு செங்கோல் செலுத்தி வீற்றிருக்கும் ஸ்ரீமான் எத்தனால் பெருமானின் திருவடிகளுக்கு, சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம் மண்டலத்துக் குடியான் ஒருவன் சமர்ப்பித்துக்கொள்ளும் மெய்க்கீர்த்தி.

பெருமானின் திக்விஜயத்தை என்னென்பது! 2003இல் ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் ஐந்து விழுக்காடு கலக்கவேண்டும் என்று கட்டளை பிறந்தபோது அவரை ஏறெடுத்துப் பார்த்தவர் குறைவு. 2013-14இல்கூட அவருக்குக் கிடைத்த பங்கு ஒன்றரை விழுக்காடுதான். 2022 ஜூனில் அது பத்தாயிற்று, 2025இல் இருபதாயிற்று. 2030இல் நடக்கவேண்டிய பட்டாபிஷேகம் ஐந்தாண்டு முன்னதாகவே நடந்தேறிவிட்டது. காலேரு–நகரிக் கால்வாய்த் தண்ணீர் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தே தலைநரைத்த எங்கள் பக்கத்துக் குடிகளுக்கு, அரசாங்கக் காரியம் ஒன்று தவணைக்கு முன்பே முடியும் என்று காட்டியருளிய கருணைக்கு எத்தனை பிறவி எடுத்துக் கைம்மாறு செய்வோம்?

கொடையில் அவருக்கு நிகர் எவர்? முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தான் பாரி என்று தலைமுறை தலைமுறையாக வியந்துகொண்டிருக்கிறோம். பாவம், அவன் கொடுத்தது ஒரே ஒரு தேர். எங்கள் பெருமானோ தேர்களின் பசியறிந்தவர். கழனியில் விளைந்ததைத் தேருக்கே ஊட்டும் வள்ளல். 40 லிட்டர் தொட்டியை நிரப்பினால் அதில் எட்டு லிட்டர் பெருமானின் திருமேனி. அது அரிசியில் வடித்த மேனியானால், டன்னுக்கு 450 லிட்டர் என்ற கணக்கில், ஏறத்தாழ 18 கிலோ அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் ஆளுக்கு அளப்பது மாதம் ஐந்து கிலோ. மூன்று பேர் முப்பது நாள் மென்று மென்று தீர்க்கும் அரிசியை, கார் ஒன்று எங்கள் ஊரிலிருந்து இரண்டு நடை சென்னை போய்த் திரும்புவதற்குள் செரித்துவிடுகிறது. மனித வயிற்றின் மந்தத்தை இதைவிட நாகரிகமாகச் சுட்டிக்காட்ட முடியுமா?

பெருமானின் திருமடைப்பள்ளிக்கு நடக்கும் உபசாரமும் பாடத்தக்கது. இந்திய உணவுக் கழகம் ஒரு கிலோ அரிசியை வாங்கி, ஏற்றி, இறக்கி, காத்துவைக்கச் சுமார் 40 ரூபாய் செலவழிக்கிறது. 2024-25இல் 52 லட்சம் டன்னைப் பெருமானுக்கென்று ஒதுக்கி, கிலோ 22 ரூபாய் 50 காசு என்று விலையும் இறக்கிக் காணிக்கையாக்கினார்கள். இதற்கு முன்னோடியான திருவிளையாடல் ஒன்று உண்டு. 2023 ஜூனில் அண்டை மாநிலமான கர்நாடகம், அன்னபாக்யா திட்டத்தில் ஏழைகளுக்கு அளக்க வேண்டும், கிலோ 34 ரூபாய் தருகிறோம் என்று கேட்டது. மாநிலங்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. அதே மாதம் வடிசாலைகளுக்கு 20 ரூபாய்க்கு அரிசி போய்க்கொண்டிருந்தது. அதிக விலை தருகிறேன் என்ற வாயிடம் மயங்காமல், குறைந்த விலை தரும் கொதிகலனை வாரி அணைத்த அந்தப் பற்றற்ற நிலை ஞானிகளுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு உலகப் பட்டினிக் குறியீட்டில் 127 நாடுகளில் நமக்கு 105ஆம் இடம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வண்டிகளின் பட்டினியை அளக்கும் குறியீடு ஒன்று இருந்திருந்தால் நாமல்லவா முதல் வரிசையில் நின்றிருப்போம்!

அடுத்து, திருமஞ்சன வைபவம். கரும்புச் சர்க்கரையிலிருந்து பெருமான் ஒரு லிட்டர் அவதரிக்க 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே போற்றி எழுதியிருக்கிறது. அபிஷேகப் பிரியர் என்றால் இவரல்லவா! ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டுமே புகைந்து வருவதைப் பார்த்தே பழகிய சித்தூர்ச் சீமைக்கு, தண்ணீரை இப்படிப் பெருந்தன்மையாகச் செலவிடும் ஒரு தெய்வத்தைத் தரிசிப்பதே பாக்கியம்.

சாதிபேதம் பாராட்டாத சட்டத்தையும் பெருமான் பக்குவமாக வளைத்தருளினார். எங்கள் பக்கத்தில் கரும்பு என்றால் வெல்லம். அந்த வெல்லம் சற்றே கறுத்துப்போனால், நாட்டுச்சாராயத்துக்குப் போகிறதோ என்று மூட்டையை மறித்து நிற்பார்கள் கலால் துறையினர். தோப்பில் பானை வைத்து வடித்தால் அது குற்றம்; கைக்கு விலங்கு. அதே சரக்கை வானளாவிய எஃகுத் தூணில் வடித்தால் அது தேசபக்தி. 2018 திட்டத்தின்படி ஐந்தாண்டுக்கு வட்டியில் ஆறு விழுக்காடு வரை அரசே ஏற்றது; அதே ஆண்டு ஜிஎஸ்டியும் 18லிருந்து ஐந்தாகக் குறைந்தது. வெல்லக் கொட்டகைக்காரனுக்கு வட்டியைக் குறைப்பார் யாருமில்லை; அவன் பானை சிறியது.

நலிந்த சர்க்கரை ஆலைகளை வாழ்விக்கவும், விவசாயிகளின் கரும்புப் பாக்கியைத் தீர்க்கவுமே பெருமான் அவதரித்தார் என்பது ஐதீகம். சித்தூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியத்து ஸ்ரீ வெங்கடேஸ்வரா கூட்டுறவு ஆலையும் மூடிக்கிடப்பதைக் காட்டி இதை மறுப்போர் உண்டு. கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கத் தெரியாதது ஆலைகளின் அவசரபுத்தி. பெருமானின் அருளில் என்ன குறை? அன்னமிட்ட உழவர் இனி ஆற்றலும் இடுவார் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மேடைதோறும் வாழ்த்துகிறார். பட்டம் வந்துவிட்டது. பாக்கிதானே, வரும்போது வரட்டும்.

தற்சார்பு விரதத்திலும் அவர் கொண்டாடத்தக்கவர். 2023-24இல் மக்காச்சோளமே அவருக்கு முதன்மை உணவாயிற்று. விளைவாக, மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தேசம் 2024இல் மியான்மரிடமும் உக்ரைனிடமும் கையேந்தும் பணிவைக் கற்றுக்கொண்டது. நாமக்கல்லிலிருந்து சித்தூர் வரை கோழிப் பண்ணைக்காரர்கள் தீவன விலையை அண்ணாந்து பார்க்கும் பயிற்சி பெற்றார்கள். கச்சா எண்ணெய்க்காக அந்நியரிடம் நிற்கும் இழிவு தீரும் என்றார்கள். பெருமான் ஒன்றரை விழுக்காட்டில் இருந்தபோது எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 78 விழுக்காடு இறக்குமதி. அவர் இருபதை எட்டியபோது 88. இரண்டும் கைகோத்து வளரும் ஒற்றுமையை வேறெந்த அரசவையில் காண்போம்?

வண்டி வைத்திருக்கும் அடியார்களுக்கு அவர் அருளியது எளிமை. பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே தம்மிடம் உண்டு என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பழைய கார்களுக்கு மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக் முன்கூட்டியே மங்களம் பாடிவிட்டது. ஓட்டம் குறைந்தாலும் விலை குறையாது. 2024-25இல் பெருமானை வாங்கும் சராசரி விலையே லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு, அது பெட்ரோலின் அடக்கவிலையையும் மிஞ்சுகிறது என்று பெட்ரோலிய அமைச்சகமே பெருமிதத்தோடு விளக்கியது. உயர்ந்தோர் மலிவாகக் கிடைப்பதில்லை.

அவருடைய குலப்பெருமையோ கடல்கடந்தது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இக்குலத்துக்கே படையல். 2007 ஜனவரியில் மெக்சிகோ மக்கள் மக்காச்சோள ரொட்டியின் விலையேற்றத்தைக் கொண்டாட வீதிக்கே வந்தார்கள். இந்தோனேசியாவில் செம்பனை வழித் தாயாதியாம் பயோடீசலுக்காகக் காடுகள் வழிவிட்டு ஒதுங்கின. மக்காச்சோள நிலம் எரிபொருளுக்குப் போனால் உணவுக்கென்று வேறெங்கோ காடு அழியும், கரியமிலக் கணக்கு லாபத்துக்குப் பதில் நட்டமாகும் என்று 2008இல் சர்ச்சிங்கர் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அழியும் காடு வேறு நாட்டில் இருக்குமானால் அது நம் புகைக்குழாய்க்குத் தெரியவா போகிறது?

இங்கே அவருக்கு முன் பட்டமேறிய காட்டாமணக்குச் சக்ரவர்த்தியையும் வணங்குகிறேன். 2003இல் திட்டக்குழு அவருக்கு முடிசூட்டியது. 2011-12க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு அவராக வேண்டும் என்பது கட்டளை. தண்ணீரே கேட்காதவர், தரிசிலும் காய்ப்பவர் என்று நம்பிக் கோவை, திருவண்ணாமலைப் பக்கங்களில் நட்டவர்கள், அவர் காய்க்காத காய்களை எண்ணியபடி நிலக்கடலைக்குத் திரும்பினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்ற அற்ப நியதியிலிருந்து தம் வாரிசுகளை விடுவித்த முதல் மூதாதை அவர்.

இத்தனை மகிமையையும் உணராத குடிகளும் உண்டே என்பதுதான் வருத்தம். பஞ்சாபில் ஜீரா மக்கள், நிலத்தடி நீர் கெடுகிறது என்று ஆலை வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் முதல்வரே மூடச் சொல்லும்படி ஆயிற்று. தெலங்கானாவின் திலாவர்பூரில் 2024 நவம்பரில் ஊரே திரண்டு கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. வெறும் குடிநீருக்காக வரலாற்றையே மறித்தவர்கள்!

இப்போது 27 விழுக்காடு என்றும் 30 என்றும் பேச்சு அடிபடுவதால், அடியேன் முந்திக்கொண்டு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ரேஷன் அரிசி இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோகும் எங்கள் பக்கத்து வீடுகளின் அடுப்படிகளை வடிசாலைகளாகப் பதிவுசெய்து, பெருமானுக்கு 2024-25இல் அளந்த அந்த 22 ரூபாய் 50 காசு விலையில் எங்களுக்கும் அளக்க ஆணையிட வேண்டும். தகுதிக்குக் குறைவில்லை: அடுப்பு உண்டு, அண்டா உண்டு, ஆவியும் எழும்பும். எங்கள் கிழவிகள் ஐம்பது வருஷமாக அரிசியை வடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.