விவரமானவர்

வண்டி வாங்க வருகிற மனிதர் ஒருநாளும் தனியாக வருவதில்லை. அவருக்கு இரண்டடி பின்னால், கைகளை முதுகுப்புறம் கட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டியை ஒரு தரமும் வண்டிக்காரனை ஒரு தரமும், இவ்விருவரும் சேர்ந்து ஏதோ சதியாலோசனை செய்து முடித்திருக்கிறார்கள் என்ற பாவனையில் நோக்கியபடி, இன்னொருவர் வந்து நிற்பார். அவருக்கென்று தாய் தகப்பன் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆயினும் அதைச் சொல்லி அறிமுகம் செய்துவைக்கும் சம்பிரதாயம் இல்லை. "இவரு நம்மாளு, வண்டி விசயத்துல ரொம்ப விவரமானவரு" என்பதோடு அறிமுகம் பூர்த்தியாகிவிடும். அந்தக் க்ஷணம் முதல் பணம் கொடுக்க வேண்டியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒதுங்கிவிட, வியாபாரம் முழுவதும் எனக்கும் விவரமானவருக்கும் இடையிலேயே நடைபெறும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டென்றாலும் போடிநாயக்கனூரில் அதன் விருத்தி சற்று அதிகம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று விரிந்து கிடக்கிற ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, பொழுது சாய இறங்கி வருகிற ஜீப்புகளால்தான் இவ்வூரின் பெரும்பகுதி சோறு தின்கிறது. 1947இல் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியதற்குப் பிறகு வந்த அத்தனை ரகங்களும் முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி அந்த 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூச்சு வாங்கியிருக்கின்றன. ஆகவே இங்கே டிரைவராகவோ கிளீனராகவோ ஒருவரேனும் இல்லாத குடும்பம் அபூர்வம். கிளீனராகவும் இருந்திராதவர்களுக்கும், ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு போன அனுபவத்தால் மாத்திரமே, இயந்திர ஞானம் ஸ்வபாவமாகச் சித்தித்துவிடுகிறது.

நான் விற்க முற்பட்டது 2012ஆம் வருஷத்து ஸ்கார்ப்பியோ, ஃபோர் வீல். சமவெளிக்காரருக்கு இந்த ஃபோர் வீல் ஓர் அலங்காரம்; மலைத்தோட்டத்துக்காரருக்கோ, தார்ச்சாலையை விட்டு இறங்கிய மறுநிமிஷம், இடவப்பாதி மழையில் குழம்பிக் கிடக்கிற சேற்றிலும் உருளைக்கல்லிலும் குழந்தைகுட்டிகளோடு வீடு போய்ச் சேர்வதற்கான ஒரே உபாயம். ஒரே கையில் ஓடிய வண்டி. இன்ஜின் சீல் பிரிக்கப்படவில்லை. ஆயில் மாற்றிய ரசீதுகள் ஒன்றுவிடாமல் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியை விவரமானவர் முன் நான் பயபக்தியுடன் திறந்தபோது அவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ரசீது யார் வேணாலும் எழுதலாம்ணே" என்று சொல்லிவிட்டு, தம்முடைய முதல் கேள்வியை விட்டார்:

"மலையில ஓடுன வண்டியா, ஊருக்குள்ள ஓடுன வண்டியா?"

இக்கேள்விக்கு விடை கூறி மீண்டவர் எவருமில்லை. மலையில் ஓடியது என்றால், கிளட்சும் பிரேக்கும் தேய்ந்து ஒழிந்தன என்பது தீர்ப்பு. ஊருக்குள் ஓடியது என்றாலோ, "அப்ப ஏத்தத்துல இழுக்குமான்னே தெரியாதுல்ல" என்று வாங்க வந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டிற்று. குறைத்து வைத்திருப்பார்கள் என்றார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் காட்டியிருந்தால் இன்ஜின் முடிந்துவிட்டது என்றிருப்பார் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

டயரை உதைத்தல், கதவை அடித்துச் சாத்துதல், குனிந்து சேஸிஸுக்கு அடியில் டார்ச் அடித்தல் ஆகியவையெல்லாம் அவருக்குச் சில்லறைச் சடங்குகள். அவருடைய உபாசனா மூர்த்தி சத்தம்.

அதற்கான ஏற்பாடுகள் முதல்நாளே ஆரம்பமாகிவிடும். "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனில் உத்தரவு வரும். இதில் நியாயம் உண்டு. சூடேறிய இன்ஜின் தன் இருமலையும் புகையையும் மறைத்துக்கொள்ளும், குளிர்ந்த இன்ஜினே உண்மை பேசும். ஆனால் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றரைக்கு வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "சூடா இருக்கே?" என்று என் முகத்தைப் பார்ப்பார். வெயிலில் நிற்கிறது என்று நான் சூரியனைச் சாட்சிக்கு அழைத்தால், சூரியனும் எனக்கு வேண்டியவன்தானே என்பதுபோல ஒரு புன்னகை செய்வார்.

பிறகு பானெட் திறக்கும். ஆயில் குச்சியை உருவி, நுனியை விரலில் தேய்த்து, முகர்ந்து, வேட்டியின் உட்புறத்தில் துடைத்துக்கொள்வார். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் மூடியைக் கழற்றி, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று அந்தத் துவாரத்தின் மேல் கையைக் காட்டுவார், அடிக்கவில்லை. இவ்விடத்தில் நியாயமாக ஒரு திருப்தி தோன்ற வேண்டும், தோன்றாது. வலது கையை மெல்ல உயர்த்துவார். அந்தக் கை உயர்ந்தால் தெருவே அடங்க வேண்டும். என் வீட்டுக்குள் மிக்ஸி நிறுத்தப்படும். கோலமாவு விற்கிறவர் சைக்கிளோடு நின்றுவிடுவார். எதிர்வீட்டுக் குக்கர் ஒன்றுமட்டும் விஷயம் தெரியாமல் விசிலடித்துவிட, அவர் கண்ணை மூடி, தமக்கு இழைக்கப்பட்ட அந்த அபசாரத்தைப் பொறுத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார். மடியிலிருந்து ஒரு மரப்பிடித் திருப்புளி வெளிப்படும். அதன் நுனியை வாட்டர் பம்பின் மேல் ஊன்றி, பிடியின் முனையில் காதை வைத்து, மார்கழிக் கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து தம்பூராச் சுருதியிலேயே குற்றம் கண்டுபிடித்துவிடுகிற ரசிகரின் முகத்தோடு, அவர் நிற்கிற நிலையைக் காண்பவர் யாராயினும், தாம் விற்கிற வண்டியின் மேல் தாமே நம்பிக்கை இழந்துவிடுவர்.

"ஒரு சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"இப்ப நின்னுருச்சு."

"நின்றுவிட்டதல்லவா?"

"வரும்" என்றார்.

வாட்டர் பம்பில் இல்லாதது ஆல்டர்னேட்டரில் தேடப்பட்டது. அங்கே இல்லாதது டைமிங்கில் ஒரு முனகலாக அனுமானிக்கப்பட்டது. நான் காதை வைத்துக் கேட்டேன். வாங்க வந்தவர் கேட்டார். கோலமாவுக்காரரும் கேட்டு, இருக்கிற மாதிரிதான் இருக்கிறது என்று அபிப்பிராயம் சொன்னார். ஒருவனுக்கு ஒன்று கேட்கவில்லை என்றால் அது இல்லாததனால் அன்று, அவனுக்கு விவரம் போதாததனால்தான் என்ற கோட்பாட்டை இவ்வளவு எளிதாக ஸ்தாபித்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

அடுத்தது மலை. டீசல் என்னுடையது. முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் விவரமானவர் நடு ஸீட்டில் அமர்ந்து கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார், ஏ.ஸி.யை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது வளைவில், உண்மையாகவே, பின்னாலிருந்து "டக்" என்றொரு சத்தம் கேட்டது. அவர் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. "கிரௌன்" என்றார். அடுத்த வளைவிலும் கேட்டது. "கிரௌன் போச்சு. கழட்டுனா அம்பதாயிரத்துக்குக் கொறயாது." புலியூத்து அருகே வண்டியை ஓரங்கட்டி நான் இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஸீட்டுக்கு அடியில் ஜாக்கி கட்டு அவிழ்ந்து உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்து அவர் கண்முன் காட்டினேன். அவர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு வாங்க வந்தவரிடம் திரும்பினார்: "ஜாக்கியே இந்த ஆட்டம் ஆடிருக்குன்னா, சேஸிஸ் என்ன ஒதறு ஒதறிருக்கும், பாத்துக்கங்க."

ஃபோர் வீல் விஷயத்தில் எங்களுக்குள் சற்று முறைப்பே உண்டாகிவிட்டது. பழைய ஜீப்பில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டிக் கம்பிகள் இருக்கும். ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரம் சேரும், மற்றொன்றால் லோ கியர் விழும். என் வண்டியிலோ ஒரு குமிழைத் திருகினால் போதும். "கம்பி இல்லாம என்ன ஃபோர் வீல், மிக்ஸி மாதிரி" என்றவர், காய்ந்த தார்ச்சாலையின் கொண்டை ஊசி வளைவிலேயே அதைத் திருகிக் காட்டச் சொன்னார். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இவ்வகை ஃபோர் வீலிலோ முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், காய்ந்த தாரில் அதற்கு வழியின்றி உள்ளிருக்கும் பல்சக்கரங்கள்தான் நெரிபடும். இதை நான் விளக்கி, மாட்டேன் என்றேன். "அப்ப வேலை செய்யலன்னு சொல்லுங்க" என்று முடித்துவிட்டார். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதையில் இறக்கி, நனைந்த மண்ணில் ஏற்றி இறக்கிக் காட்டினேன். மௌனமாக இருந்தார், அவரிடமிருந்து அது ஒரு பாராட்டு என்றே கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. இறங்கும்போது, இரண்டு வளைவு கீழே ஏதோ உறுமுவது எங்களுக்குப் பொதுவான மலைச்சத்தமாகப் பட, அவர் திடீரென்று, "கீழ ஒரு கமாண்டர் கொதிச்சுப்போய் ஏறுது, ஓரங்கட்டுங்க" என்றார். சிறிது நேரத்தில் தோட்டத்துப் பெண்கள் நிரம்பிய கமாண்டர் ஜீப் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து அந்த வளைவிலேயே நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பாய்ந்து இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உதைத்துக் கொடுத்து, ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப்போன டிரைவர்ப் பையனை அதட்டி விலக்கி, இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டு ஆறவைக்கச் சொல்லி, கிழவி ஒருத்தியைக் கைபிடித்து இறக்கி நிழலில் உட்காரவைத்தார். அந்தக் காது பொய்க் காது அன்று. என் வண்டியைப் பற்றி மாத்திரம் அது பொய் சொல்லக் காரணம், தரகு வாங்காத அம்மனிதருக்குக் குறை கண்டுபிடிப்பது ஒன்றே கூலி என்பதுதான். குறையொன்றும் இல்லை என்று சொல்வதற்கு ஒருவரை எதற்காக இவ்வளவு தூரம் அழைத்து வர வேண்டும்?

பேரத்தின்போது அவர் 2019 ஆகஸ்டை எடுத்தார். புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்ட காலத்தில் இந்த விலையைச் சொல்லியிருந்தால் கொத்திக்கொண்டு போயிருப்பார்களாம். ஏலக்காயும் என் வண்டியும் ஒரே கொடியில் காய்த்தவை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கேட்ட விலையில் ஒரு பங்கு, இல்லாத முனகலுக்காகக் கழிக்கப்பட்டது. ஒத்துக்கொண்டேன்.

என் உண்மையான மனத்தாங்கல் இனிமேல்தான். வாட்டர் பம்பின் அந்தரங்கம் வரை விசாரித்த இந்த மகான் ஒரு காகிதத்தையேனும் கேட்கவில்லை. கடன் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்து நம்பரும் ஒன்றா என்று ஒரு வார்த்தை இல்லை. பதினைந்து வருஷப் பதிவு 2027இல் முடியப்போகிறது என்பதைக்கூட நான்தான் எடுத்துச் சொன்னேன். 29, 30ஆம் நம்பர்ப் படிவங்களில் கையெழுத்திட வாருங்கள் என்றேன். "வெறும் பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பொறவு மாத்திக்கிருவோம்" என்றார். இந்தப் பொறவு என்பது வருஷக்கணக்கில் வராமல் போகும் ஒரு நாள். விற்ற வண்டி யாரோ ஒருவர் கையில், பழைய பெயரோடேயே, ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிலே ஓடும். வளைவில் உருண்டால் சம்மன் என் வீட்டுக் கதவைத் தட்டும். பல கை மாறிப்போன ஒரு வண்டியின் விபத்து வழக்கில், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவன் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் மாற்ற வேண்டும் என்கிறது. கேரளத்துப் பக்கம் போகிற வண்டியானால் இங்கிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும். இத்தனையையும் நான் ஒப்பித்தபோது விவரமானவர் கொட்டாவி விட்டார். காகிதத்தில் சத்தம் வருவதில்லை. அவர் என்ன செய்வார்!

நான் பிடிவாதம் செய்து, என் பங்கு அறிவிப்பைத் தேனி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். வாங்கியவர் தம் பங்கைச் செய்வதாக வாக்களித்துப் போனார்.

அவரிடமிருந்து நேற்று போன் வந்தது. குரலில் கவலை. "அய்யா, தோட்டத்துப் பாதையில ஃபோர் வீல் போட்டா ஒரு சத்தமும் வரல. முன்னாடி லேசா ஒரு முனகல் இருக்கணுமாம், அது இல்லாட்டி ஃபோர் வீலே விழலன்னு அர்த்தமாம். அண்ணே சொல்றாரு. இந்தா, பக்கத்துலதான் இருக்காரு, பேசுறீங்களா?"

முதலில் பெயர் மாற்றிய ஆர்.சி.யின் நகலை அனுப்பும்படியும், முனகலைப் பற்றிப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். மறுமுனையில் ஏதோ கலந்தாலோசனை நடந்தது. ஆர்.சி. எதற்கு, அதில் என்ன சத்தமா வரப்போகிறது என்று யாரோ கேட்பது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.