கிராஜுவிட்டி லென்ஸ்

காலை ஐந்தே முக்காலுக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். ஏழரை மணி வரை வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. ஊரே கைவீசி நடந்துகொண்டிருக்கும்போது, காந்தி சிலைக்குக் கீழே ஒருவர் மட்டும் குப்புறப் படுத்திருப்பார். மயக்கமோ என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடாதீர்கள். லோ ஆங்கிள். படுப்பது அவர் சொந்த முயற்சி. எழுப்பத்தான் இரண்டு பேர் வேண்டும்.

கழுத்தில் கேமரா, முதுகில் நாலு லென்ஸ், உடம்பில் எண்ண முடியாத ஜேப்பு வைத்த கோட்டு. ஒரு ஜேப்பில் மெமரி கார்டு, இன்னொன்றில் பிரஷர் மாத்திரை. அவசரத்துக்கு எப்போதும் மற்றதுதான் கையில் வரும். வெள்ளை நகர வீதிகளில் ஞாயிற்றுக்கிழமை எண்ணினால் இப்படி ஆறேழு பேர் தேறுவார்கள். எல்லோரும் ஒரே அச்சு என்பதால் பெயர் வேண்டாம். போட்டோ சார் என்று வைத்துக்கொள்வோம்.

இருபது வயதில் போட்டோ சாருக்கு யாஷிகா மேல் காதல். ரோலுக்கு 36 படம். ஊட்டித் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிமை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத்தான் அமுக்குவார். “படம் புடிச்சா சோறு வருமாடா?” என்று அப்பா கேட்டார். அரசு வேலை வந்தது, யாஷிகா பீரோ மேலே ஏறியது. 34 வருஷம் அவர் கோப்பில் கையெழுத்துப் போட, லென்ஸில் பூஞ்சை கோலம் போட்டது. இதற்குள் பிலிம் போய் டிஜிட்டல் வந்து, 2012-ல் கோடக் கம்பெனியே திவால் மனு போட்டது. சாருக்கு அந்தக் கவலை இல்லை, மாசக் கடைசியில் சம்பளம்.

ரிடையரான மறுமாசம் கிராஜுவிட்டி புல்-ஃபிரேம் கேமராவாக வீட்டுக்கு வந்தது. “சமையக்கட்டுக்கு டைல்ஸ் போடலாம்னு இருந்தேன். அது இவர் கழுத்துல தொங்குது” என்கிறார் வீட்டம்மா. விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று: ‘புரொஃபஷனல் போட்டோகிராபர்’, அதற்குக் கீழே ‘ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்’. படிக்கிறவர்கள், போட்டோ எடுப்பதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் போலிருக்கிறது என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஊர்ப் பெருமை பேசாமல் அவரால் ஷட்டரை அமுக்க முடியாது. பிரெஞ்சு போட்டோகிராபர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்து அரவிந்தரைப் படமெடுத்தார். அதே டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். “அதுதான்யா தருணம்!” என்பார் போட்டோ சார். அந்தப் பிரெஞ்சுக்காரர் கையடக்க லைக்காவை வைத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுத்தவர். நம்மவர் இலாகாவில் வளர்ந்தவர். பாறையில் கொக்கு வந்து உட்காரும். வெளிச்சம், பின்னணி, முன்னுதாரணம் எல்லாம் பரிசீலனைக்குப் போகும். ஒப்புதல் கிடைக்கும்போது கொக்கு காரைக்கால் தாண்டியிருக்கும்.

கொக்காவது பரவாயில்லை. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங் என்று பெங்களூரிலிருந்து ஜோடிகள் வருகின்றன. பீச்சில் சூரியன் மறைகிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். ஊர் கிழக்கே பார்த்தது. சூரியன் உதிப்பதுதான் கடலில், மறைவது வில்லியனூர்ப் பக்கம். இதைச் சார் பூகோளப் பாடமாகவே நடத்தி, உதயத்துக்கே வரச் சொல்லிவிடுகிறார். மேக்கப்புக்காக மூன்றரை மணிக்கு எழுந்த பொண்ணு, வருகிற கோபத்தை மாப்பிள்ளை மேல் காட்டுகிறது. அந்த முகங்களைப் பார்த்துச் சார், “இருவரும் இணக்கமாக நிற்கவும்” என்கிறார். கிட்டே போய்க் கட்டிப்பிடிக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம். அவர்களாகவே கட்டிக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்கிவிடுவார். படத்தில் 1836-ல் கட்டின பழைய கலங்கரை விளக்கம் ஊசி முனை போலக் கூர்மையாக விழுந்திருக்கும். ஜோடியில் ஒரு முழங்கை தெரியும்.

இதையெல்லாம் பழகிவிடலாம். காசு வாங்குவதைத்தான் பழக முடியவில்லை.

அதற்கும் அவரிடம் ஒரு சரித்திரம் உண்டு. 1839 ஆகஸ்ட் 19-ல் பிரெஞ்சு அரசு தாகேரின் போட்டோ முறையை உலகத்துக்கு இலவசமாக அறிவித்தது. பதிலுக்குத் தாகேருக்கு வருஷம் 6,000 பிராங்க் பென்ஷன், கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000. “பார்த்தீங்களா, போட்டோகிராபியே பென்ஷன்ல ஆரம்பிச்ச தொழில்” என்று சார் மார்தட்டுவார். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்கள் பிரான்சிலிருந்து மாசாமாசம் பென்ஷன் வாங்குகிற ஊரில் இந்த வாதம் நன்றாகவே எடுபடும். எடுபட்டதோடு நின்றால் தேவலை. “உலகத்துக்கே ஓசியா குடுத்த வித்தை, எங்களுக்கு மட்டும் ஏன் மாமா காசு?” என்று சொந்தக்காரர்கள் மொட்டையடிப்பு, காதுகுத்து, சீமந்தம் எல்லாவற்றுக்கும் கூட்டிப்போய், பந்தியில் ஒரு இலை போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்நியர்களிடமாவது கேட்பாரா? மூன்று பக்கத்துக்கு மதிப்பீடு தட்டச்சு செய்து, பார்வை எண் போட்டு அனுப்புவார். “மொத்தம் எவ்ளோ சார்?” என்று போன் வந்தால் குரல் இறங்கிவிடும். “பாத்துக் குடுங்க.”

எனக்கு நெடுநாள் இது புரியவில்லை. போன மாசம் முத்தியால்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்தில் கண்ணாரப் பார்த்தேன். பெண்ணின் அப்பா ஒரு கவரை நீட்டினார். போட்டோ சாருக்கு வேர்த்துவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். 34 வருஷம் எந்த மேஜைக்குக் கீழிருந்தும் ஒரு பைசா வாங்காத மனுஷன். கவர் என்றாலே அவருக்கு லஞ்ச ஒழிப்புத் துறைதான் கண்ணில் தெரிகிறது. கடைசியில் ரசீதில் ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். சாட்சிகளில் நான் ஒருவன்.

படம் நன்றாகவே வந்திருந்தது. மோதிரம் மாற்றும்போது பெண்ணின் பாட்டி மூக்கைச் சிந்துகிற படம் ஒன்று, இந்த ஊரில் எந்தப் பொடியனும் எடுத்திருக்க மாட்டான்.

ஆகவே, வீட்டில் விசேஷம் வந்தால் தாராளமாக அவரைக் கூப்பிடுங்கள். ஆல்பம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் போனிலேயே முன்கூட்டி அனுப்பிவிடுங்கள். கவர் மட்டும் வேண்டாம்.