வாளி இல்லாத ஊறல்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் மாதிரியான தொழிற்பேட்டையில் 'சோக்' (soak, ஊறவைத்தல்) என்ற ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் உடனே வாளியைத் தேடக்கூடாது. எஃகைப் பதப்படுத்துகிறவருக்கு சோக் என்றால், உலைச் சூடு இரும்பின் நடுவரை போய்ச் சேரும்மட்டும் அதை உள்ளேயே விட்டுவைப்பது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. இதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கழிவறைக்குப் பின்னால் கொத்தனார் வெட்டும் 'சோக் பிட்' செப்டிக் டேங்க் நீரை மண் குடிப்பதற்கான குழி. பெரிய உருக்காலையின் 'சோக்கிங் பிட்' எஃகுக் கட்டிகளை ஆயிரம் டிகிரிக்கு மேல் காயவைக்கும் குழி. பெயரை மட்டும் நம்பி முகவரி மாறிப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான். மென்பொருள்காரர் மணிக்கணக்காகப் பளுவேற்றி ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும் சோக் டெஸ்ட்டே. குடிகாரரும் சோக். வாடிக்கையாளரிடம் பணம் கறப்பதும் சோக்.

இத்தனையையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது தண்ணீர் என்றுதான் அகராதியைத் திறப்பவர் நினைப்பார். நேரம் என்கிறேன் நான். அதற்குச் சாட்சி நம்முடைய 'ஊறு'. இட்லி அரிசி நாலு மணி நேரம் ஊறும்; மாங்காய் உப்பில் நாள்கணக்கில் ஊறும்; கயிறு திரிக்கும் தேங்காய் மட்டை குட்டையில் ஆறு மாதத்துக்கு மேலும் ஊறும். அரசியலில் ஊறியவர் என்று ஒருவரைச் சொன்னால், எத்தனை தேர்தல் பார்த்தவர் என்று கணக்குப் போடுகிறோமே தவிர, துண்டு எடுத்துக்கொடுப்பதில்லை. எதிரும் புதிருமாக இருந்த இரண்டு தலைவர்கள் ஒரே மேடை ஏறினால் 'ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்' என்பார்கள். 30 தொகுதிகள் கொண்ட புதுச்சேரியின் சின்னச் சட்டமன்றத்தில் குட்டை சிறியது. மட்டைகள் ஒன்றையொன்று உரசாமல் இருக்க வழியில்லை.

மழையில் ஒரு நிமிடம் நின்றவனையும் ஆங்கிலேயர் சோக் ஆகிவிட்டான் என்கிறார்களே, அதில் நேரம் எங்கே என்று கேட்கலாம். அது மிகை. அவனை நாம் தொப்பலாக நனைந்தான் என்போம். ஊறினான் என்று சொன்னால் ஆம்புலன்ஸ் தேட வேண்டியிருக்கும். இங்கே பிரெஞ்சு படித்தவர்கள் இன்னொரு கேள்வி வைத்திருப்பார்கள்: ரொட்டியைக் காபியில் முக்குவதற்கும், பழுக்கக் காய்ந்த எஃகைச் சட்டென்று தண்ணீரில் இறக்குவதற்கும் பிரெஞ்சில் ஒரே வினை, 'த்ராம்ப்பே', இரண்டுமே நொடி வேலை. சரிதான். ஆனால் அது 'ஊறு'வின் சகோதரி அல்ல, 'தோய்'வின் சகோதரி. நம் கொல்லர்கள் அதே வேலையைத் துவைச்சல் என்கிறார்கள். பணம் கறக்கும் பொருள் மட்டும் என் கட்சிக்குள் அடங்கவில்லை. அதைக் கடற்கரைச் சாலைப் பக்கம் வரும் வார இறுதிப் பயணிகளிடமே விட்டுவிடுகிறேன்.

குடிகாரர் விஷயத்தில் இரு மொழிக்கும் ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே அவர் ஊறுகிறார். இங்கே 'தண்ணி' போடுகிறார். இருவருமே பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டார்கள். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிடும் சரக்குக்குத் தமிழில் ஊறல் என்றே பெயர். சாராயக்கடைகளை அரசே ஏலம் விடும் புதுச்சேரியில் அந்த ஊறலுக்கு அவ்வளவு தேவை இல்லை; எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் போலீசார் அதைத் தேடிக் கொட்டி அழிக்கிறார்கள். ஆகவே கலைச்சொல் ஆக்குவோருக்கு ஒரு விண்ணப்பம்: சோக் டெஸ்ட்டுக்கு 'ஊறல் சோதனை' என்றே பெயர் வையுங்கள், பொருத்தமான சொல்; மதுவிலக்குப் பிரிவுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.