பத்தரை மணி அப்டேட்டு

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கோயில் பூசாரி, ஒரு யூனியன் தலைவர், தப்படிக்க ஒரு கை, பொழுது சாய்ந்தால் பாட்டுப் படிக்க ஒரு குடிகாரர் என்று நான்கு பேர் நிச்சயம் இருப்பார்கள். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் ஐந்தாவதாக ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். அப்பா அம்மா வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும் இருக்கிறது. லயத்தில் அவன் பெயர் அப்டேட்டு.

எங்கள் தோட்டத்து அப்டேட்டு என்னிடம் எட்டாம் ஆண்டில் கணிதம் படித்தவன். உயர்தரம் முடித்து, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டு, காதுக்கு ஒரு கம்மலும் கழுத்துக்கு ஒரு சார்ஜர் கேபிளுமாகத் திரும்பி வந்தான். டொக்டர் குழாய் மாட்டிக்கொள்கிற மாதிரி அந்தக் கேபிள் எப்போதும் கழுத்தில் தொங்கும். எதிரில் வருகிறவரை “சாப்பிட்டீங்களா?” என்று கேட்க மாட்டான். “என்ன வெர்ஷன்ல இருக்கீங்க?” என்பான். கொழுந்துக் கூடையோடு மலை இறங்கி வந்த பெரியம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “நான் நாலாம் நம்பர் மலையில இருக்கேன் தம்பி” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

லயத்துக்குள் இன்டர்நெட் சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோயிலுக்கு மேலே ஒரு பாறை உண்டு, அதில் ஏறி டிக்கோயா பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் மூன்று கோடு வரும். இரவு பத்தரை மணிக்கு அவனை அங்கே பார்க்கலாம். ஏன் பத்தரை? கலிபோர்னியாவில் கோடைக்காலக் காலை பத்து மணி நமக்கு இரவு பத்தரை. ஐபோன் கம்பனி தன் புதிய சரக்கை அவிழ்க்கிற நேரம் பெரும்பாலும் அதுதான். அவனிடம் ஐபோன் இல்லை. இருந்தாலும் போவான். திருவிழா அடுத்த தோட்டத்தில் என்றாலும் நாம் போவதில்லையா?

கம்பனி வெளியிடுகிற அப்டேட் அவனுக்கு ருசிக்காது. அது எல்லோருக்கும் கிடைப்பது. கம்பனிக்கு உள்ளேயிருந்து கசிந்தது, வேறு நாட்டுக்கென்று செய்தது, எங்கோ ஒரு ரஷ்யப் பையன் விடிய விடிய உட்கார்ந்து ஒட்டுப்போட்டது என்று இருந்தால்தான் இறங்கும். பரீட்சைக்கு முதல் நாளே வினாத்தாள் கிடைத்த மாணவனின் முகம் அப்போது அவனுக்கு வரும். பரிசோதனைப் பதிப்புக்குப் ‘பீட்டா’ என்று பெயர், போனின் உள்ளறைச் சாவியைக் கைப்பற்றுவதற்கு ‘ரூட்’ என்று பெயர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப்போய், நுவரெலியாவிலிருந்து பீட்ரூட் வாங்கி வந்திருக்கிறான் என்று அவனுடைய அப்பாயி நினைத்துக்கொண்டார்.

வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளங்கப்படுத்துகிறேன். ஒவ்வொரு போனிலும் ஸ்டோர் வாசலில் நிற்கிற வாட்சர் மாதிரி ஒன்று உண்டு. பூட்லோடர் என்பார்கள். போன் விழிக்கும்போது, உள்ளே வருகிற மென்பொருளிடம் கம்பனி கையெழுத்துப் போட்ட துண்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடும். கசிந்த சரக்கிடம் அந்தத் துண்டு இல்லாவிட்டால் அப்டேட்டு வாட்சரையே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ‘அன்லொக்’ என்பது அதுதான். அனுப்புகிற கையோடு போனில் இருந்த படங்கள், இலக்கங்கள், செய்திகள் எல்லாமும் போய்விடும். திருடன் பூட்டை உடைத்தால் அலுமாரி காலியாகத்தான் இருக்க வேண்டும் என்று போன் செய்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு. சியோமி போன்களில் இந்த அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு 168 மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னதுண்டு. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நிற்கப் பொறுமையில்லாதவன், அந்த ஏழு நாளும் ஐயப்ப விரதம் மாதிரி ஒழுக்கமாக இருந்தான்.

சாம்சங் போன்களில் வேறு மாதிரி. கம்பனி கையெழுத்து இல்லாததை ஏற்றினால் உள்ளே மின்னணு உருகி ஒன்று எரிந்துபோகும். ‘நொக்ஸ்’ என்கிற அந்தக் காவலுக்கு விழுந்த அடையாளத்தை அதன் பிறகு எந்த மென்பொருளும் அழிக்காது. உடைத்த தேங்காய் ஒட்டாது. பாதுகாப்புப் பெட்டகம் வேலை செய்யாது, உத்தரவாதமும் சந்தேகம். அப்டேட்டு இதைப் போர் வீரன் தழும்பைக் காட்டுவது போல் காட்டுவான்.

இவ்வளவு நவீனமான மனிதனைத் தொடர்புகொள்ள வேண்டுமானால் அப்பாயியின் பட்டன் போனுக்குத்தான் எடுக்க வேண்டும். அவனுடைய போன் ஒன்று ‘ஏறிக்கொண்டு’ இருக்கும், இல்லையென்றால் ‘செட் ஆகிக்கொண்டு’ இருக்கும். ஒரு பதிப்பில் கமெரா திறக்காது. இன்னொன்றில் கமெரா நன்றாக இருக்கும், ஆனால் அழைப்பு வந்தால் மணி அடிக்காது. வங்கிச் செயலி இவன் போனைக் கண்டாலே கதவைச் சாத்திவிடும். வாட்சர் இல்லாத ஸ்டோரில் யார் காசை வைப்பார்கள்? அலுமாரியின் கீழ்த்தட்டில் உயிர் போன போன்கள் ஐந்து கிடக்கின்றன. இந்தத் துறையில் அவற்றுக்குச் ‘செங்கல்’ என்று பெயர். ஏழு பேர்ச்சஸ் காணிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் அவனுடைய அப்பா, “காணி கெடச்சா செவுரு எழுப்பச் செங்கல் தயாரா இருக்குங்க சேர்” என்று என்னிடம் சொன்னார். சிரிக்கவில்லை.

இவன் தன் போனோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஓர் ஆடி மாதம். மேற்கு மழை நான்கு நாளாக விடவில்லை. என் போன் மெதுவாக இருக்கிறது என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. “ஒங்க மொடலுக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு வராதது என்கிட்ட இருக்கு சேர்” என்றான். ஆறு மாதம் முந்தி எதையாவது பெற்ற அனுபவம் எனக்கு வாழ்க்கையில் இல்லை. சம்பள நிலுவைகூடப் பிந்தித்தான் வந்திருக்கிறது. கொடுத்தேன்.

டவுனில் நண்பனின் கொமினிகேஷன் கடையில் பெரிய கணினியோடு என் போனைக் கட்டினான். திரையில் கோடு ஓடியது. நாற்பது வீதம், ஐம்பத்தைந்து, எழுபத்தொன்று. எழுபத்தொன்றில் கரண்ட் போனது. மரம் விழுந்திருக்கும், எங்கள் பக்கம் ஆடியில் அது செய்தியே அல்ல. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவன் முகத்தை முதன்முறையாகப் பழைய வெர்ஷனில் பார்த்தேன். எட்டாம் ஆண்டில் வீட்டுக் கணக்குச் செய்யாமல் வந்த அதே முகம்.

கரண்ட் வந்த பிறகு போன் விழித்தது. கம்பனிச் சின்னம் தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது. நமது காமன் கூத்தில் சிவன் பார்வையில் மன்மதன் எரிவார், ரதியின் அழுகைக்கு இரங்கி மீண்டும் எழுவார். அது வருடத்துக்கு ஒரு முறைதான். என் போன் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து எழுந்தது. ரதியாக நான் பக்கத்தில் நின்றேன்.

மூன்று நாள் கழித்து வேறெந்த நாட்டுக்கோ செய்த கோப்பை ஏற்றி அதை எழுப்பிவிட்டான். அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக அரபியில் வந்தது. தமிழுக்கு மாற்றி, சிம் போட்டால் சேவை இல்லை. நட்சத்திரம், ஹாஷ், பூச்சியம் ஆறு, ஹாஷ் அடித்தால் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. வர வேண்டும். எனக்குப் பூச்சியங்கள் வந்தன. ஒவ்வொரு போனுக்கும் அதுதான் அடையாள அட்டை இலக்கம். கைபேசி வாங்க முன் அந்த இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொல்கிறது. எங்கள் மலையக மக்களில் எத்தனையோ பேர் எந்த நாட்டுப் பிரஜை என்று தெரியாமல் 1948 முதல் பல பத்தாண்டுகள் நின்றார்கள். அந்தப் பரம்பரையில் வந்த எனக்கு நாடற்ற ஒரு போன்.

“மகள் ஸ்போர்ட்ஸ் மீட் படமெல்லாம் அதுலதான் இருந்துச்சுடா.”

“பேக்கப் எடுக்கலையா சேர்?”

வாட்சரை வீட்டுக்கு அனுப்பியவன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

அவன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பனியே அனுப்பிய அப்டேட்டும் போனைக் கொன்றிருக்கிறது என்பான். உண்மைதான். 2021 புத்தாண்டையொட்டிச் சியோமி தன் ‘மி ஏ3’ போனுக்கு ஆண்ட்ரொய்ட் 11ஐ அனுப்ப, ஏற்றிக்கொண்டவர்கள் பலரின் போன்கள் அப்படியே இருண்டுபோயின. ஆனால் அங்கே கம்பனி விநியோகத்தை நிறுத்தியது, இந்தியாவில் இலவசமாகத் திருத்திக் கொடுக்கவும் முன்வந்தது. எழுபத்தொன்றாவது வீதத்தில் என் போன் நின்றபோது முன்வந்தவன் மெழுகுதிரியோடு இவன் ஒருவன்தான். இதைச் சொன்னால் அடுத்த வாதத்துக்குத் தாவுவான்.

அந்த அடுத்த வாதம்தான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. “முறையா வர்ற அப்டேட்டு எப்புடி வருதுன்னு தெரியுமா சேர்? மொதல்ல நூத்துக்கு ஒருத்தருக்கு. அப்பறம் அந்த நாடு, இந்த நாடு. நம்ம பேரு எந்த லிஸ்ட்டுலயும் கடேசி.” கம்பனிகள் படிப்படியாக வெளியிடுவது, முதலில் வாங்கியவர்களுக்கு ஏதாவது ஆனால் மற்றவர்களைக் காப்பாற்றத்தான். அதைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவனுடைய தாத்தாவுக்கு வந்த கடிதம் தோட்டத்துக் கந்தோரில் கிடந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி கழிந்த பிறகு கைக்கு வந்தது என்று அந்த வீட்டில் இன்றும் கதைப்பார்கள். வாக்கு பிந்தி வந்தது, பாதை பிந்தி வந்தது, சிக்னல் இன்னும் பாறைக்கு மேலேதான் வந்திருக்கிறது. அந்தப் பாறையில் ஏறி, உலகத்துக்கே நாளைக்கு வரப்போகிறதை இன்றிரவு வாங்கிக்கொள்கிற ஒருவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் போனை நினைத்தால் மட்டும் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டிப் பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தபோது, கம்பனி கைவிட்ட பழைய போன் ஒன்றோடு ஒரு பிள்ளை அழுதுகொண்டு நின்றாள். 2016 முடிவில் சயனஜென்மொட் மூடியபோது அதன் வாரிசாக எழுந்த ‘லினியேஜ்’ என்கிற மென்பொருள் உண்டு, தொண்டர்கள் செய்வது. அதை ஏற்றி அந்தப் போனை எழுப்பிக் கொடுத்தான். பிள்ளை பாறையில் குடை பிடித்து உட்கார்ந்து பாடம் பார்த்தாள். அது கசிந்த சரக்கல்ல, ஊர் கூடிப் பார்த்துச் செய்தது. அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பத்தரை மணிக்குக் கால் தானாகப் பாறைக்குப் போகிறது.

ஒரே ஒரு முறை அவன் பயந்து பார்த்திருக்கிறேன். ‘சிஸ்டம் அப்டேட்’ என்ற பெயரிலேயே ஒரு செயலி உலாவியதை 2021 மார்ச்சில் சிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கூகிளின் கடைக்கு வெளியே கிடைத்தது. ஏற்றிக்கொண்டால் செய்திகள், படங்கள், அழைப்புகள் எல்லாவற்றையும் எவனுக்கோ அனுப்பிக்கொண்டே, அப்டேட் தேடுவதாக மேலே ஓர் அறிவிப்பு மட்டும் காட்டுமாம். அந்தச் செய்தியைப் படித்த நாள் அவன் பாறைக்குப் போகவில்லை. காதலிக்கு அனுப்பிய செய்திகள் எதுவும் கசிந்திருக்குமோ என்ற கவலை என்று நினைக்கிறேன். மறுநாள் போய்விட்டான்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவனுக்குப் புத்தி சொன்னார். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம், அதாவது டி.ஆர்.ஐ., 1925இல் தொடங்கியது. கம்பு நட்டு வளர்க்கிற ஒரு புதிய வீ.பி. தேயிலை இனத்தை வெளியே விடுமுன் வருடக்கணக்கில் நட்டு, கவ்வாத்து வெட்டி, நோய் வருகிறதா என்று பார்த்துத்தான் தோட்டத்துக்குத் தருவார்கள். தவறணையிலேயே களவாகக் கம்பு ஒடித்து வந்து மலை முழுக்க நட்டுவிட்டு, ஐந்து வருடத்தில் காய்ந்தால் யாரிடம் போய்க் கேட்பாய்? “இந்தா, இந்த மலையில நிக்கிறது டி.ஆர்.ஐ. 2025. எத்தன வருசமாக் கொழுந்து குடுக்குது தெரியுமா?”

அவன் கண் விரிந்தது. “2026 வந்திருச்சா தாத்தா?”

“அதும் இருக்கு” என்றார் கிழவர், வேறு வழியில்லாமல்.

போன சனிக்கிழமை இரவு கோயிலில் கூட்டம் முடிந்து இறங்கி வரும்போது பாறையில் வெளிச்சம் தெரிந்தது. அப்பாயியின் பட்டன் போன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு தன் போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே படியில் அப்பாயி போர்வையைப் போர்த்திக்கொண்டு, தன் போன் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். குவைத்திலிருந்து சின்ன மகள் எடுக்கிற நேரம்.

இறங்கி வந்து போனைக் கொடுத்தவன், கொடுத்த கையை எடுக்காமல் அதைத் திருப்பிப் பின்பக்கத்து இலக்கத்தைப் படித்தான். எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது.

“அப்பாயி, இதுக்கும் ஒன்னு வந்திருக்கும் போல.”

அப்பாயி பதில் பேசவில்லை. போனை வாங்கி வெற்றிலைச் சுருக்குப் பையில் போட்டார். கயிற்றை இழுத்தார். இரண்டு முடிச்சுப் போட்டு, பையை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று லயத்துக்கு இறங்கிப் போனார்.