ஜுல்பிகார் கானின் வாரிசு

செஞ்சியில் குடியிருந்துகொண்டு பூட்டு திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்த ஊர் பார்க்காத திறப்பா? 1677-இல் சிவாஜி வந்தார், கோட்டை அவர் கைக்குப் போனது. 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் வந்து கூடாரம் அடித்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை திறந்தது 1698-இல். திறந்து பார்த்தால் ராஜாராம் இல்லை, முன்னமே தப்பிப் போயிருந்தார். கானே கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. பிறகு 1750-இல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி வந்தார். வாசலுக்கு வெடி வைத்து, ஒரே ராத்திரியில் காரியத்தை முடித்துவிட்டார். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது கதவு உடைப்பு.

நான் கானின் கட்சி. அவசரம் கிடையாது.

பார்சல் வந்த அன்று அம்மாதான் பிரித்தார். ஒரு தோல் பையில் வரிசையாக மெல்லிய எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருந்தது. "இன்னாடா இது, பல் டாக்டர் சாமான் மாதிரி இருக்குது?" என்றார். கூடவே உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிற மாதிரி கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் பூட்டு. "எல்லாந்தான் வெளிய தெரியுதே, இத எதுக்குப் பூட்டணும்?" என்பது அடுத்த கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

உள்ளே நடப்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. ஓர் உருளை, அதன் குறுக்கே ஐந்தாறு பின்கள். ஒவ்வொரு பின்னும் மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, தலையில் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுற்றும். சாவி இல்லாதவனுக்குக் கைகொடுப்பது தொழிற்சாலையின் குறைதான். எவ்வளவு நுணுக்கமாகத் துளை போட்டாலும் மயிரிழை வித்தியாசம் இருந்தே தீரும். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒன்றாக இறுகாது. ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். அதைத் தேடிப்பிடித்துத் தூக்கினால் 'டிக்' என்று உட்காரும். அப்புறம் அடுத்தது.

இதில் 'லேசாக' என்பதுதான் வில்லன். நான் தண்ணீர்க் குழாயை மூடினாலே வாஷர் அழும். நான் கொடுத்த அழுத்தத்தில் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகி நின்றன. திருப்பும் தகடு வளைந்துபோனது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போய், பழைய வைப்பர் பிளேடுக்குள் இருக்கும் எஃகுப் பட்டையைக் கேட்டேன். அதை வளைத்தால் நல்ல தகடு கிடைக்கும். "வண்டி எங்க சார்?" என்றார். "வண்டி இல்ல, பூட்டு" என்றேன். பட்டையைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்தும் நின்றுகொண்டார்.

ஒரு நள்ளிரவில் நிஜப் பூட்டு, பித்தளைப் பூட்டு, திறந்தது. வளையம் துள்ளி எழுந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும். ஆனால் அந்த நேரத்தில் ஒருவரைப் போனில் எழுப்பி, "பூட்டைத் திறந்துட்டேன்" என்று எப்படிச் சொல்வது?

பகலில் சொன்னாலும் நிலைமை அப்படித்தான். ஜெர்மனியில் 1997 முதல் இதற்கென்றே சங்கம் இருக்கிறது. உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே, புழக்கத்தில் உள்ள பூட்டையும் தொடாதே என்பவைதான் இந்தப் பொழுதுபோக்கின் தலையாய விதிகள் என்றெல்லாம் தெருவில் விளக்கினேன். கேட்டவர்கள் மனதில் நின்றது ஒன்றுதான்: "ஜெர்மனில திருடனுக்கெல்லாம் சங்கம் இருக்குதாம்." அந்த வாரமே இரண்டு வீடுகளில் புதுப் பூட்டு தொங்கியது. எனக்கு வருத்தமில்லை. அணுகுண்டு வேலையில் இருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மன், ரகசிய அலமாரிகள் எவ்வளவு எளிதில் திறக்கின்றன என்று ஒரு கர்னலுக்குத் திறந்தே காட்டினார். கர்னல் கண்டுபிடித்த பரிகாரம், ஃபெய்ன்மன் வந்துபோன அறைகளில் எல்லாம் அலமாரிப் பூட்டின் எண்ணை மாற்றச் சொன்னதுதான். எங்கள் தெரு கர்னல் அளவுக்கு யோசித்திருக்கிறது.

தேற்றிக்கொள்ள எனக்கு வேறொரு பெரியவரும் உண்டு. லண்டனில் பிராமா கம்பெனி, தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790-இலிருந்து கடை ஜன்னலில் சவால் பலகை வைத்திருந்தது. 1851-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் திறந்தார்: 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்து. அதே வருஷம் அவர் 25 நிமிஷத்தில் திறந்தது சப் கம்பெனியின் 'டிடெக்டர்' பூட்டு. யாராவது கம்பி விட்டுப் பார்த்தால் உள்ளே மாட்டிக்கொண்டு, பூட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் ரகம் அது. எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா பார்க்கிறார். பீரோ பக்கம் நான் போனாலே சமையலறையிலிருந்து குரல் வரும்.

ஓர் அமாவாசைக்கு எதிர்வீட்டு அக்கா மேல்மலையனூர் போய், ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடியற்காலையில் திரும்பினார். சாவி கூட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. அதுவரை என்னைக் கண்டால் கதவைச் சாத்திய தெரு, ஒரே குரலில் கூப்பிட்டது: "தம்பி, அந்தச் சாமான எடுத்துக்கினு வா!"

போய்ப் பார்த்தேன். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரின் சரக்கு. அதில் பின்னே கிடையாது; உள்ளே தகடுகள், ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். என் கம்பிகள் அந்த அகன்ற துவாரத்தில் துழாவின, எதிலும் பிடி கிடைக்கவில்லை. டார்ச் பிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எண்ணெய் விடச் சொன்னார் ஒருவர். ரிட்டையரான சரித்திர வாத்தியார் ஒருவர், "ஏழெட்டு வருஷம் ஆவும்னா சொல்லிடுப்பா, நாங்க கூடாரம் போட்டுக்கிறோம்" என்றார்.

கடைசியில் யாரோ சாவிக்காரருக்குப் போன் போட்டார்கள். மொபெட்டில் வந்து இறங்கியவர் பூட்டைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தார். "வூடு உன்னுதாம்மா?" என்றார். பக்கத்து வீடு இரண்டும் சாட்சி சொன்ன பிறகுதான் பையைத் திறந்தார். சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய்த கொக்கிகள். பூட்டைக் காதோரம் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார், நான் என் பையை மூடுவதற்குள் வளையம் திறந்துவிட்டது.

என் தோல் பையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே ஒரு நிமிஷம் பேசவில்லை.

அக்கா கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி அவரிடம் கேட்டார்: "இந்தத் தம்பியால தொறக்கவே முடியாத பூட்டா ஒண்ணு வாங்கிக் குடுப்பா."

"எதுக்கும்மா வீண் செலவு? இதே போதும்" என்றார் அவர்.