ஈசூன் வட்டாரத்தில் ஊர்சுற்றலும் தூரப் பற்றாக்குறையும்: ஓர் ஆய்வு

சிங்கப்பூருக்கு நிலம் போதாது, மணல் போதாது, குடிதண்ணீர் போதாது என்று அறிஞர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். தூரம் போதாது என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வடக்கு தெற்காக அதில் பாதிக்குச் சற்று மேல். விரைவுச்சாலையில் 90-ஐத் தாண்டாமல் ஒழுங்காக ஓட்டினாலும், காரில் போட்ட இளையராஜா பாட்டெல்லாம் முடிவதற்குள் நாடு முடிந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு இது வசதி. ஊரிலிருந்து வந்த விருந்தாளியைக் காரில் ஏற்றி ஒருநாள் சுற்றிக் காட்டக் கிளம்புகிறவருக்கோ இது நெருக்கடி. அந்த நெருக்கடிக்குத் 'தூரப் பற்றாக்குறை' என்று பெயரிட்டு, அதைச் சமாளிக்கும் வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக் களமாக ஈசூனைத் தேர்ந்ததற்குக் காரணம், கட்டுரையாளரின் வீடு அங்கே இருக்கிறது என்பதுதான். ஆய்வேட்டில் அப்படி எழுதும் வழக்கமில்லை என்பதால் வேறு காரணங்களும் தேடப்பட்டன. ஈசூன் தீவின் வடபகுதியில் இருக்கிறது. எனவே நகரத்துக்குப் போக, இருப்பதற்குள் கொஞ்சம் நீளமான வழி இங்கிருந்து கிடைக்கிறது. ரப்பரிலும் அன்னாசியிலும் பொருள் சேர்த்த லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயர்தான் ஊருக்கு. ஒட்டியிருக்கும் சோங் பாங்குக்கு அவர் மகனின் பெயர். தகப்பனிடமிருந்து மகனிடம் போய்ச்சேர நல்ல வெயிலிலும் நடந்தே போய்விடலாம். தூரப் பற்றாக்குறை ஊர்ப்பெயர்கள் வரைக்கும் ஊறியிருக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆய்வுக்கு உட்பட்டோர் இருவர்: மனைவியின் சித்தப்பா, சித்தி, கட்டுரையாளருக்கு மாமா, அத்தை. ஊர் மன்னார்குடி. இரவில் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியும்போது எழும்பூரில் இறங்குவதையே பயணம் என்று அறிந்தவர்கள். பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணம் முழுக்க உடம்பைச் சார்ந்தது. இடுப்பு விட்டுப்போக வேண்டும். கால் வீங்க வேண்டும். நடுவழியில் எங்காவது வண்டியை ஓரங்கட்டிப் புளியோதரைத் தூக்கைத் திறக்க வேண்டும். இவை நடக்காதவரை எதைப் பார்த்தாலும் 'போய்வந்தோம்' என்ற நிறைவு வருவதில்லை. சிங்கப்பூரில் முதல் இரண்டுக்கும் தூரமில்லை. மூன்றாவதற்கு இடமில்லை: புளியோதரை சாப்பிடுவதற்காக விரைவுச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துவதை அவசரத் தேவையாகச் சட்டம் கருதுவதில்லை. ரயில் என்றால் எதையாவது வாயில் போட்டாலே 500 வெள்ளி (டாலர்) வரை அபராதம். இதையெல்லாம் முதல்நாளே விளக்கியும், அத்தை விடிவதற்கு முன்பே எழுந்து புளியோதரை கிளறித் தூக்கில் அடைத்துவிட்டார். "வண்டியில போறோம்ல?" என்பதே அவர் தந்த விளக்கம். இதற்கு எதிர்வாதம் எந்த நூலிலும் இல்லை.

கட்டுரையாளரின் கருதுகோள் இது: கிலோமீட்டரில் கிடைக்காத பயணத்தைச் சாப்பாட்டு வேளைகளில் ஈடுகட்டலாம். இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு தீனியைச் செருகிவிட்டால், வயிறு கனத்துப்போய் மனம் வெகுதூரம் வந்துவிட்டதாக நம்பிவிடும்.

முதல் சோதனை, புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ரொட்டி பிராட்டா. மாமா கல்லுக்கு எதிரிலேயே நின்றுகொண்டார். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் கையால் தட்டி, வீசி, மேசையில் அறைந்து, துணி மாதிரி விரிந்ததும் நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போடுகிறார். சுருட்டிச் சுற்றுவதில்லை, வெந்த பிறகு இரண்டு கையாலும் அடித்து நொறுக்குவதுமில்லை. "அடிக்காம அப்படியே குடுக்குறாரே மாப்ள?" என்றார் மாமா, குற்றம் ஒன்றை நேரில் கண்டவர்போல. பக்கத்து மேசையில் ஒரு சீனப் பாட்டி கொசோங் (வெறும்) பிராட்டாவைச் சர்க்கரையில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவருக்குக் காட்டாமல் மறைக்கக் கட்டுரையாளர் செய்த முயற்சி பலிக்கவில்லை. "காலையிலேயேவா மீன்குழம்பு?" என்று கேட்ட அத்தை, கிண்ணத்தை இரண்டாம் முறை நீட்டினார்.

எதிர்பாராத விளைவு இதற்குப் பிறகுதான். மாஸ்டர், "எந்த ஊரு?" என்றார். மாமா சொன்னார். "நமக்குத் தோப்புத்துறை." பழைய தஞ்சாவூர் ஜில்லா! கடல் தாண்டி வந்தவர் முதலில் சந்தித்தது சொந்த ஜில்லாக்காரரை. தே தாரிக் (ஆற்றிய தேநீர்) ஆறுவதற்குள் வேதாரண்யம் பக்கத்து உப்பளம், புயல், பஸ் ரூட் என்று இருவரும் ஊருக்கே போய்விட்டார்கள். தூரத்தைக் கூட்டுவதற்காக வடிவமைத்த சோதனையில் அது பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிக் கழித்தல் குறியில் நின்றது. தமிழ்நாட்டு விருந்தாளிகளை வைத்து இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புவோர் இந்தப் பிழைக்காரணியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் களம் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. ஈசூனிலிருந்து கூப்பிடு தூரம். நிலத்தடியிலிருந்து சுமார் 70 பாகைச் சூட்டில் தண்ணீர் வருகிறது. ஒரு காலத்தில் ஃப்ரேசர் அண்டு நீவ் நிறுவனம் இதைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் அவர்கள் இதிலே குளித்தார்கள். 2020 ஜனவரி முதல் புதுப்பித்த பூங்காவில் பொதுமக்கள் கால் நனைக்கிறார்கள், முட்டை அவிக்கிறார்கள். இந்தக் கடைசிப் பயன்பாடே இத்துறைக்கு முக்கியமானது. குழாயில் வெந்நீரைப் பிடித்து, முட்டையைப் போட்டு, மூடி, காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆற ஆறக் கொட்டிவிட்டுப் புதுநீர் பிடிக்க வேண்டும். அடுப்பில் கொதிக்கவிட்டால் பத்து நிமிடத்தில் தீரும் வேலையைச் செய்யக் குடும்பம் குடும்பமாக, வாளியும் கையுமாக, மடக்கு நாற்காலியோடு வந்திருக்கிறார்கள். கட்டுரையாளர் இதைப் பொழுதுபோக்காகக் கருதவில்லை. தூரமில்லாத நாட்டில் ஒரு முட்டையையாவது நீண்ட பயணத்துக்கு அனுப்பிப் பார்க்கும் ஏக்கம் என்றே கருதுகிறார்.

முட்டை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மஞ்சள்கரு 65 பாகையைத் தாண்டினால் இறுகத் தொடங்கி 70-ல் கெட்டியாகிவிடும். வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் என்ற புரதமோ 80-ஐ நெருங்கினால்தான் கட்டும். ஆகவே ஊற்றுநீரில் பொறுமையாக அவித்த முட்டையில் உள்ளே இறுகி வெளியே தளதளவென்றிருக்கும். காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையோ கொதிநீரில் சற்று நேரமே கிடப்பதால், வெளியே கட்டி உள்ளே ஓடும். ஒரே தீவில் நேரெதிரான இரண்டு முட்டைக் கொள்கைகள். மாமா தோலை உரித்தபோது வெள்ளைக்கரு கையோடு வழிந்தது. "வெந்துச்சா வேகலியா இது?" என்றார். அறிவியல் அடிப்படையில் இரண்டும் என்று பதில் சொல்லப்பட்டது. அவர் உப்புக் கேட்டார்.

நகரத்துக்குள் இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச்சேர்ந்தோம், வருந்தத்தக்க விரைவு. மெர்லயன் சிலையை இங்கே சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை, 1972-ல் திறக்கப்பட்டது. பின்னால் கட்டிய எஸ்பிளனேடு பாலம் மறைத்ததால் 2002-ல் அதை இடம் மாற்றினார்கள். மாற்றிய தூரம் 120 மீட்டர். ஒரு நாட்டின் அடையாளச் சின்னமே முப்பது ஆண்டுகளில் போக முடிந்தது அவ்வளவுதான் என்றால், விருந்தாளியின் நிலைமையை என்னவென்பது? சிங்கத் தலையையும் மீன் உடம்பையும் அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மீனோட தலை என்னாச்சு?" என்றார். சிற்பவியலார் எழுப்பத் தவறிய கேள்வி இது. விடை தேக்கா சந்தைப் பக்கம், சட்டியில், வெண்டைக்காயோடும் கத்தரிக்காயோடும் மிதக்கிறது. 1949 வாக்கில் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி சமைத்துப் பேர்வாங்கிய மீன்தலைக் கறி அது. சீனர்கள் விரும்பும் மீன்தலையும் நம்மவர் புளிக்குழம்பும் சேர்ந்து, இரு ஊரிலும் இல்லாத ஒன்றாகிவிட்டது.

தேக்கா நிலைய உணவங்காடியில் நாங்கள் அது வாங்கவில்லை. மாமா பிரியாணியில் நின்றுவிட்டார். அங்கே கவனித்த ஒரே ஒரு செய்தி: மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தது, சுற்றி யாருமில்லை, இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடித்தே வளர்ந்த மாமாவுக்கு அதன் இலக்கணம் சொல்லாமலே புரிந்தது. சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுபோய் வைக்காவிட்டால் முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி என்பதுதான் புரியவில்லை. "அப்ப இங்க மொதலாளி யாரு?" என்று கேட்டுக்கொண்டே தட்டைத் தூக்கிப்போனார்.

பிற்பகலில் முதற்கட்ட முடிவுகள் திரட்டப்பட்டன. வயிறு நிறைந்திருந்தது, இடுப்பில் வலியில்லை, கால் வீங்கவில்லை, தூக்கு திறக்கப்படவில்லை. கருதுகோள் தோற்றுக்கொண்டிருந்தது. தூரத்தை உள்நாட்டில் உற்பத்தி செய்ய முடியாது, இறக்குமதிதான் வழி என்ற முடிவுக்கு அப்போதுதான் வரவேண்டியதாயிற்று. 2023 டிசம்பர் முதல் மலேசியாவுக்குப் போக இந்தியர்களுக்கு விசாவும் தேவையில்லை.

உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ல் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் காரில் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு மேல்வரம்பு கிடையாது. பாலத்தின் ஓரமாகப் பெரிய பெரிய தண்ணீர்க் குழாய்கள் போகின்றன. 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை ஜொகூர் ஆற்று நீரை எடுக்கும் உரிமை சிங்கப்பூருக்கு 2061 வரை உண்டு. நீர் இறக்குமதிக்கு இவ்வளவு ஒப்பந்தம். பக்கத்துத் தடத்தில் தூரம் ஒப்பந்தமே இல்லாமல் இறக்குமதியாகிக்கொண்டிருப்பதை அதிகாரிகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

முன்னேற்பாடுகளில் ஒன்று மட்டும் இத்துறைக்கு முக்கியம். சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார், எல்லை தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் வைத்திருக்க வேண்டும். 1989-ல் பாதியாக இருந்தது, 1991-ல் முக்காலாயிற்று. அந்தப் பக்கம் போய் மலிவாக நிரப்பிவருவதைத் தடுக்க வந்த விதி. அந்தப் பக்கத்தில் மானிய விலை ரான்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு விற்பதில்லை. ஒரு கிலோமீட்டர்ப் பாலத்தைத் தாண்ட முக்கால் தொட்டி எரிபொருள் கேட்கும் சட்டத்தை வேறெங்கே காணலாம்? மாமா முள்ளைப் பார்த்து, "எம்புட்டுத் தூரம் மாப்ள?" என்றார், முதல்முறையாக மரியாதை கலந்த குரலில்.

வரிசை நின்றது. அரையடி நகர்ந்தது. நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையோடு நடந்தவர்கள் எங்களைத் தாண்டிப்போனார்கள். அவர்களில் ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். மாமா கண்ணாடியை இறக்கி, முன்னால் உள்ள சிவப்பு விளக்குகளை எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார். செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டார். பேச்சு தானாகவே ஊர்ப்பயணங்களுக்குத் திரும்பியது: வேளாங்கண்ணி வழியில் டயர் வெடித்தது, பழனிக்குப் போய் யாரையோ மறந்துவிட்டு வந்தது. சோதனைச்சாவடிக் கூரை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் இருந்த ஓரிடத்தில், அத்தை யாரிடமும் கேட்காமல் தூக்கைத் திறந்தார். நல்லெண்ணெய் வாசம் வண்டி முழுக்கப் பரவியது. இரு தேசங்களுக்கு நடுவே, நீருக்கு மேல், முதல் கியரில் புளியோதரை பரிமாறப்பட்டது. "இடுப்பு விட்டுப்போச்சு மாப்ள," என்றார் மாமா. நாள் முழுக்க அவர் முகத்தில் காணாத திருப்தி அப்போது இருந்தது.

ஜொகூர் பாருவில் ஆளுக்கொரு தே குடித்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வரிசை பற்றித் தனிக்கட்டுரை எழுதலாம்.

இம்முடிவுகளைக் கட்டுரையாளரின் மனைவி ஏற்கவில்லை. "ஊரச் சுத்திக் காட்டச் சொன்னா, வரிசையக் காட்டிட்டு வந்திருக்கீங்க" என்பது அவருடைய மறுப்புரை. ஆனால் முடிவுகளுக்கான சான்று மறுநாள் காலை தானாகவே வந்தது. மாமா மன்னார்குடிக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சில் மெர்லயன் இல்லை, வெந்நீர் ஊற்று இல்லை, பிரியாணிகூட இல்லை. "வெளிநாட்டுலேருந்து இன்னொரு வெளிநாட்டுக்குக் கார்லயே போனோம்யா. விடிய விடியங்கிற மாதிரி. என்னா தூரங்கிற!"

இத்துறைக்கு ஓர் ஆபத்து நெருங்குகிறது. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவில் உள்ள புக்கிட் சாகாருக்கும் இடையே 4 கிலோமீட்டர் ரயில் பாதை அமைகிறது. பயண நேரம் சுமார் ஐந்து நிமிடம். அது ஓடத் தொடங்கினால் தீவின் கடைசித் தூர இருப்பும் கரைந்துபோகும் வாய்ப்பு உண்டு. உணவங்காடிக் கலாச்சாரத்தை 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க முடிந்தவர்கள் இந்த வரிசைக்கும் விண்ணப்பிக்கலாம். அதுவரை ஆய்வாளர்கள் நேரில் களத்துக்கு வரலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு மேல் உகந்தது; முக்கால் தொட்டி பெட்ரோல் கட்டாயம்; புளியோதரைக்கு நல்லெண்ணெய் சற்றுத் தாராளமாக விடவும்.