ஓட்டோ கியர் கார்களுக்காக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம், கொழும்பு.
பிரதி: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.
விடயம்: ‘டி’யில் போட்டாலும் நகராத கார்கள்

பெருமதிப்புக்குரிய திணைக்களத்தாருக்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, நாட்டின் டொலரைக் காப்பாற்றப் புறப்பட்டீர்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட காலமெல்லாம் கல்குடாவில் ஓடியவை ஏற்கெனவே உள்ளே இருந்த கார்களே. கைமாறக் கைமாற வயது ஏறியது. வயது ஏற ஏற விலையும் ஏறியது. மனிதருக்கு வாய்க்காத இந்தப் பாக்கியம் வேகன் ஆருக்கும் விட்ஸுக்கும் வாய்த்தது தங்கள் கருணையால். 2022இல் கியூஆர் கோட்டாவில் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் தந்த நாட்களில் மட்டும் அவற்றின் கியர் பொக்ஸுகள் கொஞ்சம் மூச்சு விட்டன.

“டீச்சர் ஓடின வாகனம், ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான்” என்பார் தரகர். கிழக்கில் இத்தனை டீச்சர்மாரிடம் கார் இருந்திருந்தால் 2021இல் சம்பளப் போராட்டமே நடந்திராது. மீற்றரும் தரகர் சொன்னதை ஆமோதிக்கும். வாங்கிக் கொஞ்ச நாளில், வாழைச்சேனைச் சந்தியில் நின்று கிளம்பும்போது கார் குளிர்காய்ச்சல் கண்டவர் போல நடுங்கும்.

இவற்றில் பலவற்றில் இருப்பது சீவீடி கியர். இரண்டு கப்பி, நடுவே ஓர் உருக்குப் பட்டி. ஒயிலின் அழுத்தம்தான் பட்டியை இறுக்கிப் பிடிக்கிறது. ஒயில் பழசானால் பிடி தளரும், பட்டி வழுக்கும், கப்பியின் முகம் கீறுப்படும். அதற்கென்றே தனி ஒயில் உண்டு. “ஒயில் எண்டா ஒயில்தானே” என்று சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றுவோர் பாதி வேலையை முடிக்கிறார்கள். பாசிக்குடா மணலில் புதைந்த காரை ‘டி’யில் வைத்து மிதிப்போரும், நின்றுபோன காரைக் கயிறு கட்டி, முன்சக்கரம் உருள உருள மட்டக்களப்பு வரை இழுப்போரும் மீதியை முடிக்கிறார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் ஒயில் பம்பும் ஓடாது என்பது கயிற்றுக்குத் தெரியாதே!

தங்கள் கணக்குத்தான் வியக்க வைக்கிறது. பாவித்த கார் 3 வயதைத் தாண்டினால் நாட்டுக்குள் வரக்கூடாது என்கிறது விதி. ஜப்பானில் புதுக் கார் ‘ஷாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனைக்கு முதன்முதலில் போவதும் 3 வயதில்தான். பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை. அதாவது, அங்கே அரசாங்கம் கவனிக்கத் தொடங்கும் வயதில் கார் கப்பலேறுகிறது. இங்கேயோ வருடாவருடம் புகைக்குழாயை மணந்து பார்ப்பதோடு சரி. அதற்குப் பிறகு காருக்கு எத்தனை வயதானாலும் கியர் பொக்ஸைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அக்கறையோடு பேசுவது கார் மட்டுமே. ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடப்படவில்லையாம். அதிவேகப் பாதையே இல்லாத கிழக்கு மாகாணத்தில்! கியர் ஒயில் சூடேறியதாகத் திரையில் எழுத்து வந்தாலும் அதுவும் ஜப்பானிய மொழிதான். சொந்தக்காரர் அதையும் அட்டைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்.

ஆகவே கோரிக்கை சிறியது. உரிமைமாற்றப் படிவத்தில், கடைசியாகக் கியர் ஒயில் மாற்றிய திகதிக்கும் ஒரு கோடு போடுங்கள். புகை பார்ப்பவரிடம், ‘என்’னிலிருந்து ‘டி’க்குத் தள்ளினால் கார் எத்தனை வினாடி யோசிக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காக ஒரு டொலரும் நாட்டை விட்டு வெளியே போகாது.

இப்படிக்கு,
கல்குடாத் தொகுதியின் இரண்டாம், மூன்றாம், நான்காம் சொந்தக்காரர்கள்